எப்படியும் உள்ளே போய்விடும் படம்

என் நாத்தனாரின் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. படம் சுமாராக இருந்திருந்தால் நான் எவ்வளவோ நல்லவளாக இருந்திருப்பேன். அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டி, அடுத்த படத்துக்கு நாலு யோசனைகூடச் சொல்லியிருப்பேன். பாழாய்ப்போன படம் நன்றாக இருந்து தொலைத்தது.

நாங்கள் இருவருமே ஆவணப்படம் எடுப்பவர்கள். இதில் நான்தான் மூத்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் கணவரின் தங்கை. முப்பது தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "நானும் ஒரு படம் எடுத்துப் பாக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். "தாராளமா எடு" என்றேன். யாராவது தையல் வகுப்பில் சேரப்போகிறேன் என்றாலும் நான் அதே குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவள் எடுத்த படத்தின் பெயர் 'ஆழம் குறைந்த பக்கம்'. வாழ்நாளில் தண்ணீரில் இறங்கியே பார்க்காத எழுபது வயதுப் பெண்கள் சிலர் நகராட்சிக் குளத்தில் நீச்சல் பழகுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதில் ஒரு அம்மாள் படம் முழுக்கக் குளத்தின் கைப்பிடிக் கம்பியை விடவே மாட்டார். கடைசியில் விடுவார். அந்த இடத்தில் அரங்கமே கைதட்டும். முதல் தடவை நானும் தட்டிவிட்டேன். பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

என் படம் 'பையில் இருந்தவை'. கடலில் மூழ்கி, யார் எவர் என்று தெரியாமல் கரை ஒதுங்கியவர்களின் உடைமைகளை வைத்து அவர்கள் யாரென்று கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தைப் பற்றியது. சீப்பு, சாவி, ஈரத்தில் ஊறிப்போன பஸ் டிக்கெட். அந்தக் கூடத்தின் வாடை என் தலைமுடியை விட்டுப் போவதற்கே பல வருஷம் ஆனது. பார்த்தவர்கள் எல்லோரும் அதை 'முக்கியமான படம்' என்றார்கள். எங்கள் தொழிலில் முக்கியமான படம் என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். "எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சது?" என்று திருப்பிக் கேட்டால், காப்பி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டு படத்துக்கும் ஒலிக்கலவை செய்தவர் என் கணவர். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, அதுதான் அவருடைய ஸ்டூடியோ. என் படம் அங்கே வரிசையில் காத்துக் கிடந்தபோது, கதவிடுக்கு வழியாகக் கிழவிகள் தண்ணீரை அடித்து விளையாடிச் சிரிப்பது வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. "பாப்பாவுக்கு முதல் படம், அவளுக்கு நாம செய்யலன்னா யாரு செய்வா?" என்றார். என் முதல் படத்துக்கு யார் செய்தார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதுவும் அவர்தான் செய்தார் என்பதால் கேட்கவில்லை.

விருதுக் காலம் வந்தது. சினிமாக்காரர்களுக்கு அது திருவிழா, எங்களுக்கு அது திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளையின் நிலைமை. எங்கள் பிரிவின் விருதை மேடையில் அறிவிக்கும் நேரம் பார்த்துத்தான் பாதிப் பேர் பாத்ரூமுக்கு எழுந்து போவார்கள். ஆனாலும் அந்த விருதுக்கு நாங்கள் அடித்துக்கொள்ளும் அடி இருக்கிறதே, கதாநாயகர்கள் தோற்றார்கள். படத்தின் பெயர் இறுதிப் பட்டியலில் வந்துவிட்டால் அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்கும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து கதவு கதவாகத் தட்ட வேண்டும். என் வயதில் எனக்கு இன்னொரு முறை தட்டத் தெம்பில்லை. இந்த ஒரு தடவை உள்ளே போயே ஆக வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

முதல் சுற்றில் பதினைந்து படங்களை எடுத்தார்கள். அதில் எங்கள் இரண்டும் இருந்தன. என் மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"பதினஞ்சுல ரெண்டு நம்ம வீட்டுலயே! ஆளுக்குப் பாதியா கொடுத்துட வேண்டியதுதானே?"

"அது கேக் இல்ல அத்தை" என்றேன்.

"ஏன்மா, டாக்குமெண்டரின்னா அதுல பாட்டு கிடையாதுதானே? அப்புறம் எதை வெச்சு நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்றாங்க?"



பதினைந்திலிருந்து ஐந்தை எடுக்க ஓட்டு. ஓட்டுப் போடுகிறவர்கள் எங்களைப்போன்ற ஆவணப்படக்காரர்கள்தான். ஒவ்வொருவரும் ஐந்து படங்களை வரிசைப்படுத்த வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் இடம்தான் உயிர். எல்லோரும் ஒரு படத்தை மூன்றாவதாகப் போட்டால் அது எண்ணிக்கையின் ஆரம்பத்திலேயே கழன்றுவிடும். கொஞ்சம் பேர் பிடிவாதமாக முதலாவதாகப் போட்ட படம் கரையேறிவிடும். அதனால் எங்கள் ஆட்கள் எப்போதும் ஒரு கணக்குப் போடுவார்கள். பெரிய படம் எப்படியும் ஜெயிக்கும், அதற்கு முதல் ஓட்டு எதற்கு வீணாக, பாவம் அந்தச் சின்னப் படத்துக்குக் கொடுப்போம் என்று. எல்லோரும் இதே கணக்கைப் போட்டால் பெரிய படம் மண்ணைக் கவ்வும். வேறு எந்தப் பிரிவிலும் இந்தக் கூத்து நடக்காது. ஊரையெல்லாம் திருத்தப் படம் எடுக்கிறவர்களுக்கு, ஓட்டுப் போடும்போதும் நியாயம் செய்கிற ஆசை விடாது.

இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் ஆயுதமாக எடுக்கலாம் என்று தோன்றியது ஒரு காப்பிக் குவளையின் பக்கத்தில்தான்.

என் படத்தின் சிறப்புக் காட்சி முடிந்து, பிஸ்கட் தட்டுகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். வந்தவர்கள் சொற்பம். ஒரு மூத்த ஒளிப்பதிவாளர் என்னிடம் வந்து, "முக்கியமான படம்மா" என்றார். நடுவில் அவர் தூங்கியதை நான் பார்த்திருந்தேன். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "உங்க நாத்தனார் படம் இருக்கே, அடடா! அதுக்குத்தான் முதல் ஓட்டுப் போடலாம்னு இருக்கேன்."

எனக்குக் காதில் புகை வந்தது. என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அவள் புகழ் பாடுகிறார். பேச்சை முடித்தால் போதும் என்று, "அது எப்படியும் உள்ளே போயிடும் சார். அதைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்றேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "ஆமால்ல? அதுக்கு என் ஓட்டு எதுக்கு? முதல் இடத்தை வேற ஏதாவது தேவைப்படற படத்துக்குக் கொடுக்கலாம்." சொல்லிவிட்டு, பாவம், என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். கூட்டங்களில், தொலைபேசியில், படிக்கட்டில், பார்க்கிங்கில் எங்கே ஒரு ஓட்டு நடந்து வந்தாலும் நானே போய்ப் பேச்சுக் கொடுப்பேன். நாத்தனார் படத்தை வாய் கிழியப் புகழ்வேன். அந்தக் கைப்பிடிக் கம்பி அம்மாளைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விடுவேன். கடைசியில், "அது எப்படியும் உள்ளே போயிடும், அதுல சந்தேகமே இல்ல" என்று முடிப்பேன். ஒரு பொய்கூடக் கிடையாது. பாராட்டியே ஒருத்தியைக் கவிழ்க்கலாம் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

ஜனங்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "நாத்தனாரை இப்படிக் கொண்டாடற அண்ணியை நாங்க பார்த்ததே இல்ல" என்றார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. உச்சி குளிரக் கேட்டுக்கொண்டேன்.

பாப்பாவின் படத்துக்குப் பெரிய கம்பெனி ஒன்று பின்னால் இருந்தது. பஸ்களின் முதுகில் எல்லாம் அந்தக் கிழவிகள் நீச்சல் தொப்பியோடு சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் சிக்னலில் என் முன்னால் அந்த பஸ் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். இத்தனை இருந்தும் பாப்பாவுக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"அண்ணி, எல்லாரும் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தர்கூட ஓட்டுப் போடறேன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"உனக்கென்னடி பயம்? நீ எப்படியும் உள்ளே போயிடுவ."

"நிஜமாவா?"

"இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது பார்க்க. என் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போது பின்னறைக் கதவு திறந்திருந்ததையும், கழுத்தில் ஹெட்போனோடு என் கணவர் அங்கே நின்றதையும் பார்த்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏதோ முட்டிக்கொண்டது. பாப்பா வந்தால் அவர் பின்னறையை விட்டு வெளியே வரமாட்டார். அவர் வந்தால் இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். "ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காங்களே, என்னம்மா விஷயம்?" என்று அத்தை என்னைத் துளைத்தார். எனக்கெப்படித் தெரியும்? சம்பள பாக்கி, சத்தம் கூடிப்போச்சு குறைஞ்சுபோச்சு என்று ஏதாவது இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் அவளைத் தாங்குகிற கையில் ஒன்று குறைந்தது என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் எனக்கே நம்ப முடியாத ஒன்று நடக்க ஆரம்பித்தது. என் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் கூப்பிட்டார்கள். நிஜமாகவே பார்த்தவர்கள். "அந்த டாக்டரம்மா சீப்பைக் கழுவறதுக்கு முன்னாடி, பல்லுல சிக்கின முடியைத் தனியா எடுத்து வைக்கிறாங்களே, அந்த இடத்துல நிறுத்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மேல பார்க்க முடிஞ்சுது" என்றார் ஒருவர். அரங்கில் தூங்கிய ஒளிப்பதிவாளர் வீட்டில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அழுதாராம். எனக்காகப் பகுதி நேர வேலையாக விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி, "மேடம், என்னவோ திடீர்னு காத்து நம்ம பக்கம் அடிக்குது" என்றார். பின்னே? தரம் என்று ஒன்று இருக்கிறதில்லையா, என்றைக்காவது தலையைத் தூக்காமலா போகும் என்று நான் கர்வமாக இருந்தேன்.

அறிவிப்பு ஒரு காலை வேளையில். எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவி முன்னால். அத்தை நல்ல புடவை கட்டி, தலைசீவி உட்கார்ந்திருந்தார், டிவியில் வரப்போவது தான்தான் என்பதுபோல. பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

படங்களின் பெயரை அகர வரிசையில் வாசிப்பார்கள். பாப்பாவின் படம் 'ஆ'வில் ஆரம்பிக்கிறது. வாசிக்க வந்த நடிகை முதல் பெயரைச் சொன்னார். அது 'க'வில் ஆரம்பித்தது.

முடிந்தது. மீதி நாலு பெயர் வருவதற்கு முன்பே அவள் கதை முடிந்துவிட்டது. அத்தைக்கு மட்டும் புரியவில்லை, "இருங்க இருங்க, இன்னும் இருக்கு" என்றார். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதாக என் படத்தின் பெயர் வந்தது.

இந்த நொடியை எத்தனையோ வருஷமாக மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். அந்த ஒத்திகையில் எல்லாம் நான் கத்துவேன். இப்போது கத்தியது பாப்பா. எழுந்து குதித்து, என்னை இழுத்து அணைத்து, என் கழுத்தெல்லாம் ஈரமாகும்படி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் சந்தோஷம்தான் என்று தெரிந்தது. நானாக இருந்தால் அவள் கழுத்தை வேறு விதமாகப் பிடித்திருப்பேன்.

"நான் கேட்டது வீண் போகல அண்ணி!"

"என்ன கேட்ட?"

"ஓட்டுதான். என் படம் ஓடற இடத்துல எல்லாம் கூட்டம் வரும்ல? முடிஞ்சதும் மேடையில பேசச் சொல்வாங்க. 'என் படத்துக்கு வேண்டாம், அது எப்படியும் உள்ளே போயிடுமாம். எங்க அண்ணி படத்தைப் பாருங்க, முழுசாப் பாருங்க, முதல் ஓட்டை அதுக்குப் போடுங்க'ன்னு கேட்டேன். தனித்தனியா லிங்க்கூட அனுப்பினேன். பார்த்தாச்சான்னு மறுபடி மறுபடி கேட்டுத் தொல்லை பண்ணினேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதாலதான் எனக்கு அந்தத் தைரியமே வந்துது. இல்லன்னா பயந்துக்கிட்டு எனக்குத்தான் கேட்டிருப்பேன்."

நான் அவளுக்குச் சொன்னது வெறும் வாய் வார்த்தை. ஓட்டுப் போடுகிறவர்கள் நம்ப வேண்டும் என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னேன். அவர்களைவிட முழுசாக இவள் நம்பியிருக்கிறாள். நான் அவளிடமிருந்து ஓட்டைத் தட்டிவிட நினைத்தேன், அவ்வளவுதான். அவள் அதைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்திருக்கிறாள். சீப்பும் முடியும் யாரையும் தானாக அழ வைக்கவில்லை. அவர்களைப் பார்க்க வைத்தது இவள்.

பாப்பாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நான் பின்னறைக்குப் போனேன். என் கணவர் அங்கே வந்து உட்கார்ந்து, ஒன்றும் ஓடாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எதைக் கேக்கற? அவ செஞ்சதையா, நீ செஞ்சதையா?"

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை படத்துல உன் குரலை உட்கார்ந்து சரி பண்ணியிருக்கேன். நீ மனசார சொல்றதுக்கும் மத்ததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவகிட்ட சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னேன். 'அண்ணி உன்னைக் கவுக்கப் பாக்கறா, மேடையில உனக்கு ஓட்டுக் கேளு'ன்னு சொன்னேன். என் சட்டையைப் பிடிக்காத குறை. 'எங்க அண்ணியைப் பத்தி இப்படிப் பேசறவன் எனக்கு அண்ணனே இல்ல'ன்னு போயிட்டா. அதான் இத்தனை நாளா பேச்சு இல்ல." திரையை அணைத்தார். "உன்கிட்டயும் கேட்டிருக்கணும். கேட்டு நீயும் அவளை மாதிரி பேச்சை நிறுத்திட்டா? அந்தப் பயம்."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு லேசாகியிருப்பேன். அந்த வசதியையும் அவர் கொடுக்கவில்லை.

இனிமேல் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் சோறு தின்ன முடியாது என்று தோன்றியது. நேராக பால்கனிக்குப் போனேன். பாப்பா போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "பத்திரிகைக்காரர் அண்ணி, ஒரு நிமிஷம்" என்றாள்.

"வை. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"உன் படம் எப்படியும் உள்ளே போயிடும்னு ஊர் பூரா சொன்னது, யாரும் உனக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னுதான். உன்னைப் பாத்து எனக்குப் பொறாமை. வயிறு எரிஞ்சு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். என் கன்னத்தில் வழிந்ததைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

"அண்ணன் சொல்லிக் கொடுத்தாரா? என் படம் உள்ளே போகலன்னு நான் வருத்தப்படக் கூடாதுன்னு, பழியை உங்க தலையில போட்டுக்கறீங்களா? போங்க அண்ணி, உங்களுக்கு நடிக்கவே வரல."

"பாப்பா, நிஜமாத்தான்..."

"நீங்க கிடைச்சது என் அதிர்ஷ்டம்னு இப்பதான் அவர்கிட்ட சொல்லிட்டு இருக்கேன். என் படத்தை ஊரெல்லாம் தூக்கிப் பேசினது நீங்க ஒருத்தர்தான்னு சொன்னேன். அதையே தலைப்பா போடறாராம்." போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா சார், அண்ணி பக்கத்துலதான் இருக்காங்க. அழறாங்க சார், எனக்குக் கிடைக்கலன்னு" என்றாள்.

கூடத்தில் அத்தை யாருக்கோ போனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கிடைக்காத மகளைப் பற்றி நெடுநேரம், அப்புறம் கிடைத்த மருமகளைப் பற்றி ஒரு வரி. நாளைய பேப்பரிலும் அப்படித்தான் இருக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தனைக்கும் பிறகும் எனக்குப் பொறாமைதான் வந்தது, முன்பைவிடப் பெரிதாக. அவளிடம் இல்லாத ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தில் ஒரு இடம் இருந்தது. அதுவும் அவள் கொடுத்தது.